வேலைக்குப் போகிற வழியும் வேலைதான்

சென்ற மாதம் காந்தலூரில் நடந்த நம் கிளைக் கூட்டத்தில் ஒரு கடிதம் வாசிக்கப்பட்டது. எழுதியவர் நம் ஊர்த் தம்பி ஒருவர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். எர்ணாகுளத்தில் கட்டட வேலை. வாத்துருத்தியில் நாலு பேரோடு ஓர் அறையில் வாசம். விடியற்காலை ஐந்தரைக்குச் சைக்கிளை எடுத்தால்தான் ஏழு மணிக் கான்கிரீட்டுக்கு இடப்பள்ளிப் பக்கத்து சைட்டில் நிற்க முடியும். அப்படிப் போன ஒரு நாள் பின்னால் வந்த கார் ஒன்று தட்டிவிட்டு நிற்காமல் போயிற்று. இடது கால் எலும்பு முறிவு. ஸ்டேஷனில் கேட்ட முதல் கேள்வி, "விளக்கு இருந்ததா?" என்பது. மேஸ்திரி இரண்டாயிரம் ரூபாய் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்தார். கான்ட்ராக்டர் வரவே இல்லை, போனில் சொன்னது இவ்வளவுதான்: "சைட்டுக்குள் விழுந்திருந்தால் பார்த்திருப்பேன். ரோட்டில் விழுந்ததற்கு நான் என்ன செய்ய?"

கடிதத்தைக் கேட்டதும் கூட்டத்தில் எழுந்த பேச்சுத்தான் நம்மை இதை எழுத வைக்கிறது. பெரியவர் ஒருவர், "பஸ்ஸில் போயிருக்கலாமே" என்றார். இன்னொருவர், "வீட்டில் ஒரு பைக் வாங்கிக் கொடுத்திருந்தால் இந்தக் கதி வருமா? இந்தக் காலத்தில் எவன் சைக்கிளில் போகிறான்?" என்றார். கான்ட்ராக்டரைப் பற்றி ஒருவர் வாயிலும் ஒரு சொல் வரவில்லை! ரோட்டில் விழுந்தால் அவருக்குப் பொறுப்பில்லை என்பதை நாமே ஒப்புக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தோழர்களே, அந்த ஒப்புதலைத்தான் இங்கே எதிர்க்கிறோம்.

முதலில் நம் ஊரைச் சொல்லிவிட வேண்டும். கோவில்கடவிலிருந்து காந்தலூருக்கு ஏறும் ரோடு ஜீப்பே முக்கிக்கொண்டு ஏறுகிற ரோடு. இங்கே சைக்கிளுக்கு என்ன வேலை? நம் பிள்ளைகளில் பாதிப்பேர் சைக்கிள் பழகியதே ஊரைவிட்டு இறங்கிய பிறகுதான். உடுமலையில், திருப்பூரில், கொச்சியில், இருபது வயதுக்கு மேல், கூடவே ஒருவர் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி வர, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு பழகினார்கள். ஆசைக்குப் பழகியதல்ல, பிழைப்புக்குப் பழகியது. பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. விலை பேசுவது இன்னும் தரகன்தான். 2023-ல் மத்திய சுற்றுலாத் துறை காந்தலூரைச் சிறந்த சுற்றுலாக் கிராமம் என்று தங்க விருதுக்குத் தேர்ந்தெடுத்தது. விடுமுறை நாளில் வரிசைகட்டி வரும் கார்களுக்கு ஒதுங்கி, சுமையோடு ஓடைக்கரையில் நிற்பவர் நம் ஆட்கள். காரட்டும் பீன்ஸும் குடும்பத்தை நிறுத்தவில்லை. யானையும் காட்டெருமையும் தின்றது போக மிச்சத்தைக் கடன்காரன் எடுக்கிறான். அதனால் பிள்ளை கீழே இறங்குகிறான். எல்லை வரைந்த 1956 நவம்பர் 1 முதல் நாம் கேரளத்துக் குடிகள். வாக்குச் சீட்டு கேரளத்தில், ரேஷன் அட்டை கேரளத்தில். ஆனாலும் எர்ணாகுளத்துச் சந்தியில் அவன் "பாண்டி"தான். அந்தப் பாண்டிக்கு நகரம் கொடுத்த இடம் ரோட்டின் ஓரத்தில் ஒரு முழம். அதிலும் ஆட்டோ நிற்கும், மண் கொட்டிக் கிடக்கும், ஓடையின் சிமெண்ட் பலகை உடைந்து வாய் பிளந்து கிடக்கும்.

"பஸ்ஸில் போயிருக்கலாமே" என்கிற பெரியவருக்குக் கணக்குச் சொல்கிறோம். கேரளத்தில் 2022 மே முதல் தேதியிலிருந்து பஸ்ஸின் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய். போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். எல்லாம் குறைந்த கட்டணத் தூரம் என்றே வைத்துக்கொண்டாலும் நாளுக்கு 40 ரூபாய். மாதம் 26 நாள் வேலைக்கு 1,040 ரூபாய். வருஷத்துக்கு 12,480 ரூபாய். தூரம் கூடக்கூட இதுவும் கூடும். இது ஊருக்கு அனுப்பும் பணத்தில் ஒரு மாதப் பங்குக்கு மேல். கணக்கை விடுங்கள். ஏழு மணிக்கு நிற்க வேண்டியவனுக்குத் தோதாக அந்த நேரத்தில் பஸ் கிடைக்குமா? கொத்துக்கரண்டியும் மட்டப்பலகையும் சிமெண்ட் படிந்த பையுமாக ஏறினால் கண்டக்டரின் முகம் எப்படிப் போகிறது என்பதை ஏறியவரைக் கேளுங்கள். பஸ் கூடுதலாக வேண்டும், நேரத்துக்கு வேண்டும், அதையும் கேட்போம். ஆனால் வராத பஸ்ஸைக் காட்டி ஓடுகிற சைக்கிளைக் குறை சொல்வது நியாயமாகாது.

பைக் வாங்கிக் கொடுக்கலாம் என்கிறவருக்கும் ஒரு வார்த்தை. கேரளத்தில் பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டியது 2021-ல். பைனான்ஸ்காரன் முன்பணம் குறைவாகக் கேட்பான், தவணையை நீட்டித் தருவான், இரண்டு தவணை தவறினால் வண்டியைச் சந்தியில் வைத்தே சாவியைப் பிடுங்குவான். மழைக்காலத்தில் கான்கிரீட் வேலை நின்றால் எங்கிருந்து தவணை கட்டுவது? எத்தனை வீட்டில் அம்மாவின் கம்மல் பைக்குக்குப் போயிருக்கிறது என்பதை நம் தாய்மார்கள் அறிவார்கள். போகட்டும், பைக்கில் போனால் உயிர் பத்திரம் என்று யார் சொன்னது? நாட்டில் சாலை விபத்தில் 2022-ம் ஆண்டு மட்டும் 1,68,491 பேர் செத்தார்கள் என்பது மத்திய அரசின் சொந்தக் கணக்கு. அதில் பெரும்பங்கு இருசக்கர மோட்டார் வண்டிக்காரர்கள். நடந்து போனவர்கள் முப்பதாயிரத்துக்கும் மேல், சைக்கிளில் போனவர்கள் நாலாயிரத்துக்கும் மேல்.

இனி ஆட்சியாளர் சொல்லும் காரணத்துக்கு வருவோம். சைக்கிள் மெதுவாகப் போகிறது, அதனால் நெரிசல் என்கிறார்கள். இது வாய்ப்பேச்சோடு நிற்கவில்லை. கொல்கத்தாவில் 2008-ல் 38 சாலைகளில் சைக்கிளைத் தடுத்தார்கள். 2013-ல் தடை 174 சாலைகளுக்குப் பரவிற்று. பால்காரர், பேப்பர் போடுகிறவர், வீட்டு வேலைக்குப் போகும் பெண், பட்டறைக்குப் போகும் ஆள் எல்லோரும் ஒரே நாளில் சட்டத்தை மீறியவர்கள் ஆனார்கள். பிடித்தால் அபராதம், கட்டாவிட்டால் சைக்கிள் பறிமுதல். மக்கள் ஊர்வலம் போனார்கள், எழுதினார்கள், வழக்குப் போட்டார்கள். அதன் பின் தடை 62 சாலைகளாகக் குறைந்தது. 2020-ல் கொள்ளைநோய் வந்து பஸ்ஸும் ரயிலும் நின்றபோது அதே அரசு சைக்கிளில் வேலைக்குப் போகலாம் என்று இறங்கி வந்தது. நோய் வந்தால் சைக்கிள் நல்லது, நோய் போனால் நெரிசலா?

நெரிசலை உண்டாக்குவது யார் என்பதற்கு நாம் ஊகம் சொல்ல வேண்டியதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் முதன்முதலாக "வேலைக்கு எப்படிப் போகிறீர்கள்?" என்று கேட்டார்கள். விவசாயமும் வீட்டுத் தொழிலும் தவிர்த்த மற்ற உழைப்பாளர் சுமார் 20 கோடிப் பேர். அவர்களில் நடந்து போனவர் நூற்றுக்கு 22-க்கும் மேல். சைக்கிளில் போனவர் நூற்றுக்கு 13. கார், ஜீப், வேன் எல்லாம் சேர்த்து நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. அந்த மூன்று பேருக்குத்தான் மேம்பாலம், அந்த மூன்று பேருக்குத்தான் ரோட்டோரத்தில் நாள் முழுக்க வண்டி நிறுத்த இலவச இடம். ஒரு கார் நிற்கிற இடத்தில் பத்துச் சைக்கிள் தாராளமாக நிற்கும். அந்தக் காரிலோ பெரும்பாலும் ஒற்றை ஆள். நெரிசல் என்பது எண்ணிக்கையில் சிறுபான்மை இடத்தில் பெரும்பான்மையைப் பிடித்துக்கொள்வதால் வருவது. நிலத்தில் இதைச் செய்தவனை ஜமீன்தார் என்றோம். ரோட்டில் செய்தால் "வளர்ச்சி" என்கிறார்கள்.

தில்லியில் ஒரு முறை இடத்தைப் பங்கு போட்டுப் பார்த்தார்கள். அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை, 6 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரம், 2008-ல் பஸ்ஸுக்குத் தனித் தடம், சைக்கிளுக்குத் தனித் தடம், நடப்பவனுக்குத் தனி என்று பிரித்தார்கள். கார்க்காரர்கள் கொதித்துப் போனார்கள். பத்திரிகைகள் அவர்கள் பக்கம். 2012-ல் வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. சாலை வண்டிகளை நகர்த்துவதற்கல்ல, மனிதர்களை நகர்த்துவதற்கு என்ற கொள்கையை ஏற்றுத் தடத்தை நீதிமன்றம் காப்பாற்றியது. அந்தக் கொள்கை மத்திய அரசு 2006-லேயே நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையாக அச்சிட்டு வைத்திருந்ததுதான். ஆனால் 2015-ல் அரசு தடத்தைக் கைவிட முடிவு செய்தது; 2016-ல் இடித்தார்கள். அதில் குறைகள் உண்டு, சந்திகளில் கார்கள் நீண்ட நேரம் நின்றது உண்மை. குறையைத் திருத்துவதற்குப் பதில் ஏழையின் தடத்தையே பெயர்த்தெடுத்தார்கள். ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பது இதுதான்.

கொச்சிக்கு வருவோம். மலைக்காரனுக்கு வியப்பாக இருக்கும், அவ்வளவு தட்டையான ஊர். மேடு என்று சொன்னால் பாலங்கள்தான். சைக்கிளுக்கு என்றே கடவுள் பரப்பி வைத்த தரை. மழை ஒன்றுதான் பகை. அங்கே பாலாரிவட்டத்தில் 2016-ல் ஒரு மேம்பாலம் திறந்தார்கள். மூன்று வருஷம் ஆகுமுன், 2019 மே மாதம், விரிசல் கண்டு மூடினார்கள். இடித்துக் கட்டி 2021 மார்ச்சில் மறுபடி திறந்தார்கள். அதே ஆண்டு ஜனவரியில் வைற்றிலயிலும் குண்டன்னூரிலும் மேம்பாலங்கள். ஒரே பாலத்தை இரண்டு முறை கட்டப் பணம் இருந்த ஊரில், பாலத்துக்கடியில் நாலு திசை வண்டிகளுக்கு நடுவே சைக்கிளோடு நிற்பவனுக்கு ஒரு வெள்ளைக் கோடு போடப் பணம் இல்லையா? மெட்ரோ ரயில் 2017 ஜூனில் ஓடத் தொடங்கியது. அதன் முதல் கட்டத்துக்கு ஐயாயிரம் கோடிக்கு மேல். மெட்ரோ நிர்வாகம் 2020 நவம்பரில் சைக்கிளை ரயிலுக்குள் ஏற்றிக்கொள்ளலாம் என்று அனுமதித்தது. நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் ஸ்டேஷன் வரை சைக்கிளை எந்த ரோட்டில் கொண்டுவருவது? போனில் பணம் கட்டிப் பூட்டுத் திறக்கும் வாடகைச் சைக்கிள்களும் வந்தன. அவற்றின் பின்னால் சட்டிக்கூடை கட்டக் கேரியர் உண்டா என்று அமைத்தவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இறுக்கமான உடுப்பும் தலைக்கவசமுமாக லட்ச ரூபாய்ச் சைக்கிளில் வருகிறவர்கள் மேல் நமக்குப் பகை இல்லை. அவர்களுக்குக் கலெக்டர் கொடியசைக்கிறார், பேப்பரில் படம் வருகிறது. மறுநாள் திங்கட்கிழமை அதே ரோட்டில் லுங்கியை மடித்துக் கட்டி, ஹாண்டில்பாரில் தூக்குவாளி தொங்க மிதிக்கிறவனைப் பார்த்து அதே ஊர் ஹாரன் அடிக்கிறது. இருவர் வண்டிக்கும் சக்கரம் இரண்டுதான். 2020 ஊரடங்கில் குருகிராமில் அடிபட்டுக் கிடந்த தகப்பனைப் பின்னால் உட்கார வைத்து, பீகாரின் தர்பங்கா நோக்கி, ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் வழியில் பெரும்பகுதியைப் பதினைந்து வயதுச் சிறுமி மிதித்தே கடந்தாள். நாடே புகழ்ந்தது, சைக்கிள் பந்தயத்துக்குப் பயிற்சி தர அழைத்தார்கள். அவள் ஏன் மிதிக்க நேர்ந்தது என்று கேட்டவர் எத்தனை பேர்? அதே ஆண்டு ஜூன் 3, ஐ.நா. சபை குறித்த உலக சைக்கிள் நாளன்று, சாகிபாபாத்தில் அட்லஸ் சைக்கிள் தொழிற்சாலையில் வேலை இல்லை என்று வாசலில் அறிவிப்பு ஒட்டினார்கள்.

தமிழ்நாடு மட்டும் சொர்க்கம் என்று நாம் சொல்ல வரவில்லை. சென்னை மாநகராட்சி 2014-ல் மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கு என்று ஒரு கொள்கையே அறிவித்தது. போக்குவரத்துச் செலவில் நூற்றுக்கு 60 பங்கை நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் ஒதுக்குவதாக எழுதினார்கள். பாண்டி பஜாரில் 2019-ல் நடைபாதை அகலமாயிற்று. கடைக்கு வருகிறவர்களுக்கு வசதிதான். அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு மிதித்துப் போகிறவனுக்கு அதனால் ஒரு முழம் ரோடு கூடியதா? நாட்டுக்கே சைக்கிள் செய்து கொடுத்த ஊர் அம்பத்தூர் என்பதை நினைத்தால் வேதனையாக இருக்கிறது.

வெளிநாட்டில் மட்டும் எப்படி நடந்தது என்று கேட்கலாம். ஹாலந்து சைக்கிள் நாடு, அவர்கள் பழக்கம் அப்படி என்று சொல்லி நம் வாயை அடைப்பார்கள். அங்கேயும் யுத்தத்துக்குப் பிறகு கார் பெருத்து, சைக்கிளை ஓரங்கட்டியதுதான் நடந்தது. 1971-ல் அந்தச் சிறு நாட்டில் சாலையில் 3,300 பேர் செத்தார்கள். அதில் நானூறுக்கும் மேல் குழந்தைகள். தாய் தகப்பன்மார் தெருவில் இறங்கி, ரோட்டை மறித்து உட்கார்ந்து, "குழந்தைக் கொலையை நிறுத்து" என்ற பெயரிலேயே ஓர் இயக்கம் கட்டினார்கள். 1973-ல் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. சைக்கிள் தடங்கள் அதற்குப் பின்தான் பரவின. யாரும் தானமாகக் கொடுத்ததில்லை.

இனி அந்தக் கான்ட்ராக்டரின் பேச்சுக்கு வருகிறோம். இதைத் தாய்மார்கள் கவனமாகப் படிக்க வேண்டும்; படிக்கத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் வாசித்துக் காட்ட வேண்டும். "ரோட்டில் விழுந்ததற்கு நான் பொறுப்பல்ல" என்பது பழைய பாட்டு. 1923-ம் ஆண்டு நஷ்டஈட்டுச் சட்டத்தில் வேலையினால், வேலையின் போது நேர்ந்த விபத்து என்று எழுதியிருந்தது. அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு முதலாளிகளும் இன்சூரன்ஸ் கம்பெனிகளும் எண்பது தொண்ணூறு வருஷம் வாதாடினார்கள். இ.எஸ்.ஐ. சட்டத்தில் 2010-ல் திருத்தம் வந்தது: வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதும் வேலை முடிந்து திரும்பும்போதும் நேரும் விபத்து, நேரத்துக்கும் இடத்துக்கும் வேலைக்கும் தொடர்பு இருந்தால், வேலையில் நேர்ந்த விபத்தாகவே கொள்ளப்படும் என்று. இ.எஸ்.ஐ. இல்லாத நம்மைப் போன்றவர்களுக்கு? மகாராஷ்டிரத்தில் சர்க்கரை ஆலைக் காவலாளி ஒருவர் 2003-ல் வேலைக்குப் போகும் வழியில் இறந்தார். அவர் குடும்பம் இருபத்திரண்டு வருஷம் வழக்காடியது. 2025 ஜூலை 29-ல் உச்ச நீதிமன்றம் 1923 சட்டத்துக்கும் அதே பொருள்தான் என்று தீர்ப்புச் சொன்னது. அதற்குப் பின், 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலேயே இது எழுத்தில் இருக்கிறது. அந்தச் சட்டத்தொகுப்புகளோடு நமக்கு ஆயிரம் சண்டை உண்டு. அதற்காக, கையில் கிடைத்த ஆயுதத்தைக் கீழே போட வேண்டியதில்லை.

வேலைக்குப் போகிற வழியும் வேலைதான் என்று சட்டமே சொல்கிறது. கான்ட்ராக்டருக்குத் தெரியவில்லை என்றால் நாம் தெரிவிப்போம். கட்டுமானக் கம்பெனி வேலையை உள்கான்ட்ராக்ட் விட்டிருந்தால் கம்பெனிமீதே கோரிக்கை வைக்கலாம். அது 1923 முதலே உள்ள விதி. ஆனால் தொடர்பை நிரூபிக்க வேண்டியது நம் தலையில். ஆகவே விபத்து நடந்தால் முதலில் போலீசில் எழுத்தில் புகார், அதன் நகல். ஆஸ்பத்திரிச் சீட்டில், "வேலைக்குப் போகும் வழியில்" என்று எழுதச் சொல்லுங்கள். "ரோட்டு விபத்து" என்று மட்டும் எழுதி முடித்துவிடுவார்கள். மேஸ்திரி முந்தின நாள் இரவு "காலை ஏழுக்கு வா" என்று போனில் அனுப்பிய செய்தியை அழிக்காதீர்கள். ஹாஜர் சீட்டைவிட அது பெரிய சாட்சி. மோதியவன் தப்பிவிட்டான், நம்பர் தெரியாது என்றாலும் வழி இருக்கிறது. 2022 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அடையாளம் தெரியாத வண்டி மோதிச் செத்தால் இரண்டு லட்சம், பெருங்காயம் என்றால் ஐம்பதாயிரம். மனுவை வருவாய்த் துறை அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். கால் போனவனுக்கு ஐம்பதாயிரம் ஒரு தொகையா என்று கேட்பீர்கள். இல்லைதான். அதைக்கூடக் கேட்காமல் விட்ட குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன என்பதால் எழுதுகிறோம்.

விளக்கு இருந்ததா என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். பெரியவர்களுக்கு நினைவிருக்கும், ஒரு காலத்தில் நகராட்சிக்கு வரி கட்டிச் சைக்கிளுக்கு வில்லை வாங்க வேண்டும், இருட்டில் டைனமோ விளக்கு எரிய வேண்டும், டபுள்ஸ் போனால் காற்றைப் பிடுங்கிவிடுவார் போலீஸ்காரர். வில்லைக்கு வரி வாங்கிய காலத்தில்கூடச் சைக்கிளுக்கு ரோட்டில் மரியாதை இருந்தது. விளக்கு வேண்டும், நாம் மறுக்கவில்லை. பின்னால் சிவப்புச் சில்லு ஒட்டுங்கள், வெளிர்நிறச் சட்டை போடுங்கள். ஆனால் விளக்கில்லாதவனை இடித்துவிட்டுப் போகலாம் என்று எந்தச் சட்டத்திலும் எழுதியில்லை. அந்தத் தம்பி விழுந்த இடத்தில் தெருவிளக்கும் எரியவில்லை. அதைப் பற்றி ஸ்டேஷனில் யாரும் கேட்கவில்லை.

நம்மையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். சைக்கிளில் போகிறவன் என்றால் பெண் கொடுக்கத் தயங்குகிறது நம் ஊர். "மாப்பிள்ளையிடம் பைக் இருக்கிறதா?" என்பது முதல் கேள்வி, "கடன் இருக்கிறதா?" என்பது கடைசிக் கேள்வி. நம் பெண்கள் எர்ணாகுளத்தில் அடுக்குமாடி வீடுகளில் பாத்திரம் கழுவ இரண்டு மூன்று கிலோமீட்டர் நடக்கிறார்கள். சைக்கிள் ஓட்டினால் என்ன என்று கேட்டால் சிரிப்பு. புதுக்கோட்டையை நினைத்துப் பாருங்கள். 1991-ல் அறிவொளி இயக்கம் அங்கே எழுத்தோடு சைக்கிளையும் சொல்லிக் கொடுத்தது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த சமயம். கல் உடைக்கும் பெண்களும் களை எடுக்கும் பெண்களும் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஏறினார்கள். ஆம்பிளைச் சைக்கிள்தான் கிடைத்தது, சேலையோடு அதிலேயே ஏறினார்கள். கேலி செய்த ஆண்கள் அப்புறம் பேசாமல் இருந்துகொண்டார்கள். தமிழ்நாட்டில் 2001-02-ல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளுக்கு இலவசச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கிய பிறகு ஊர்ப்புறத்தில் அந்தக் கேலியே காணாமல் போயிற்று. நாம் ஏன் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறோம்?

கிளைக் கூட்டத்தில் விவாதித்து எடுத்த முடிவுகளைச் சொல்லிவிடுகிறோம். தோப்பும்படியிலிருந்தும் வாத்துருத்தியிலிருந்தும் நகருக்குள் போகும் சாலைகளில் சைக்கிளுக்குக் கல் பதித்துப் பிரித்த தடம் வேண்டும். பெயின்ட் கோடு போதாது, அதன்மேல் கார் நிறுத்துவார்கள். விடியும் வரை தெருவிளக்கு எரிய வேண்டும். ஓடைப் பலகைகள் மழைக்கு முன் சரிசெய்யப்பட வேண்டும். இவை கொச்சி மாநகராட்சிக்கு. கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் தொழிலாளர் நலத்துக்கென்று 1996 சட்டம் முதல் தீர்வை வசூலித்து வருகிறார்கள். அந்தப் பணத்தில் உத்தரப் பிரதேசத்திலும் ஒடிசாவிலும் கட்டடத் தொழிலாளிக்குச் சைக்கிள் கொடுத்ததுண்டு. கேரள நலவாரியம் சைக்கிளும் விளக்கும் ஒளிரும் மேல்சட்டையும் கொடுக்கட்டும். வாரியத்தில் பதிவு செய்யாமல் கிடக்கும் நம் ஆட்கள் முதலில் பதிவு செய்யட்டும். இதில் குற்றம் நம் பக்கமும் உண்டு. சைட்டில் பூட்டி வைக்கக் கொட்டகை வேண்டும் என்பது கான்ட்ராக்டர்களுக்கு. போன வருஷம் மட்டும் நம் பிள்ளைகள் மூன்று பேர் சைட் வாசலில் சைக்கிளைப் பறிகொடுத்திருக்கிறார்கள்.

மலையாளத் தொழிலாளர் சங்கங்களோடு சேர்ந்தே இதைக் கேட்க வேண்டும் என்று கூட்டம் முடிவு செய்தது. பெரும்பாவூர்ப் பிளைவுட் ஆலைகளுக்குப் போகும் அசாம்காரரும் வங்காளிகளும் அதே ரோட்டோரத்தில்தான் மிதிக்கிறார்கள். தமிழனுக்கென்று தனித் தடம் கேட்க நாம் வரவில்லை.

ஒவ்வொரு வீட்டிலும் கீழே வேலைக்குப் போயிருக்கும் பிள்ளை எதில் போகிறான், எத்தனை மணிக்கு, எத்தனை கிலோமீட்டர், எந்தச் சந்தியில் பயம் என்று நாலு வரி எழுதி அடுத்த மாதக் கூட்டத்துக்குள் கிளைச் செயலாளரிடம் கொடுக்க வேண்டும். எழுதத் தெரியாவிட்டால் சொன்னால் போதும், நாம் எழுதிக்கொள்கிறோம். மனுவோடு அந்தத் தாள்களையும் சேர்த்து அனுப்பப் போகிறோம்.

அந்தத் தம்பி இப்போது காந்தலூரில்தான் இருக்கிறார், கம்பு ஊன்றி நடக்கிறார். நஷ்டஈட்டு மனு எழுதியாயிற்று. கான்ட்ராக்டருக்குப் பதிவுத் தபாலில் நகல் போயிருக்கிறது. சைக்கிள் இன்னும் ஸ்டேஷன் முற்றத்தில் கிடக்கிறது. அதை மீட்டுவர அடுத்த வாரம் எர்ணாகுளம் போகிறோம். உடன் வர இரண்டு பேர் தேவை.